ஆட்சேபணை எதுவும் வரவில்லை

என் வீட்டுக்காரரைத் திட்டாமல் இதைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். எவ்வளவு தூரம் முடியுமோ, தெரியாது.

என் பெயர் ஹன்னா. ஊர் சித்தூர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதற்காக யாரும் ‘ஐயோ பாவம்’ சொல்ல வேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் வேலை பார்க்கிறவள். திருப்பதியில் சில லாட்ஜுகளைச் சேர்த்து நடத்துகிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுகிற வேலை. மலைக்கு வருகிறவர்கள் கம்பெனியின் வெப்சைட்டில் அறை கேட்டு எழுதுவார்கள், நான் பதில் போடுவேன். ஏழுமலையானைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது ஒரு கிறிஸ்தவச்சி என்று எங்கள் சபையில் கொஞ்ச நாள் கேலி ஓடியது. ஓடட்டும். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு விடியற்காலையில் வெந்நீர் கிடைக்கிற அறை எது என்று எனக்குத் தெரியும். கேலி பேசினவர்களுக்குத் தெரியாது.

எப்படிப் படிக்கிறாய் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர் ஒன்று இருக்கிறது. நான் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனிகள் செய்து விற்பவை இங்கே உதவாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரே வரியில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுவில் இங்கிலீஷ் என்று எழுதுவார்கள். ‘ரூமு காலி உந்தா, அம்மாவுக்கு முட்டி வலி, கிரவுண்ட் ஃப்ளோர் ப்ளீஸ்’ என்று ஒருவர் எழுதினால் பெரிய கம்பெனியின் குரல் தொண்டையில் முள் மாட்டியதுபோல நின்றுவிடும். வாயாடி நிற்காது. அதைச் செய்தது சம்பளம் வாங்காத நாலைந்து பேர். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து செய்தார்கள். அவர்களுக்குக் கம்பெனியும் கிடையாது, போர்டும் கிடையாது.

யோகேஷ் எங்கள் திருப்பதி ஆபீசில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற பையன். பையன் என்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். ஒரு நாள் காலையில் ரயிலிலிருந்தே கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு விசயம் கீது. கேட்டா மனசு கெட்டுப்பூடும். சொல்லட்டா?”

“சொல்லித் தொலை. இத்தினி பீடிகை போட்டப்பறம் சொல்லாம வுட்டா தூக்கமா வரும்?”

“இனிமே வெப்சைட்டுங்க உள்ள வர்ற மெஷினப் பாத்து, ‘உன்மேல வேற யாராச்சும் கை வெச்சிக்கிறாங்களா’ன்னு கேக்கப் போதாம். யாரும் கை வெக்கலன்னா பிரவுசரு ஒரு முத்திரை குடுக்கும். முத்திரை இல்லன்னா பக்கம் தொறக்காது.”

“நல்லதுதானே? திருட்டுப் பசங்க உள்ள வரமாட்டாங்க.”

“அக்கா, உங்க வாயாடி இன்னா பண்ணுதுன்னு நெனச்சிக்கினு கீறீங்க? பக்கத்துக்குள்ள கைய வுட்டு எழுத்த எடுத்துதான் உங்களுக்குப் படிச்சிக் காட்டுது. அவங்க கணக்குல அதுவும் திருட்டுப் பயதான். பெரிய கம்பெனிங்க செய்யற ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் விலக்கு குடுத்துக்கிறாங்க. அந்த விலக்கு வாங்கணும்னா ஒரு கம்பெனியாத்தான் போய் நிக்கணும்.”

யார் இதை எல்லாம் முடிவு செய்கிறவர்கள், கவர்மென்டா என்று கேட்டேன். கவர்மென்ட் இல்லையாம். உலகத்து வெப்சைட்டுகள் எல்லாம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று விதி எழுதுகிற ஒரு குழு. எழுதுகிற விதியின் வரைவை எல்லாரும் பார்க்க வெளியே வைப்பார்களாம். யார் வேண்டுமானாலும் அடியில் கருத்து எழுதலாமாம்.

“ஆனா வரைவ எழுதின நாலு பேரும் ஒரே கம்பெனி சம்பளம்தான் வாங்குறாங்க. பிரவுசர் செய்யற கம்பெனி,” என்றான் யோகேஷ். “இருந்தாலும் எழுதலாங்க்கா. அங்க கையத் தூக்கி எண்றது கெடையாது. எத்தினி பேரு சொன்னாங்கன்னு பாக்க மாட்டாங்களாம், இன்னா சொன்னாங்கன்னு பாப்பாங்களாம். அப்பிடித்தான் அவங்க விதியில போட்டுக்கிறாங்க.”

அது எனக்குப் பிடித்திருந்தது. நான் எண்ணிக்கையில் எப்போதும் ஒற்றை ஆள்தான்.

ஒரு வாரம் யோசித்து எழுதினேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல யோகேஷ் இங்கிலீஷில் போட்டான். என் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எனக்குப் பொல்லாத ரோஷம். வாயாடி பக்கத்துக்குள் எங்கே கை வைக்கிறது, எதைத் தொடாது, முத்திரை கேட்டால் எந்த இடத்தில் வாய் அடைக்கும், விலக்கு வாங்கக் கம்பெனி இல்லாதவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்று மட்டும் கேட்டேன். எழுதி அனுப்பிவிட்டு, எவன் மதிக்கப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

மதித்தார்கள்! வரைவு எழுதின நாலு பேரில் ஒரு அம்மாள் பதில் போட்டிருந்தாள். இதை நாங்கள் யோசிக்கவில்லை, முக்கியமான விஷயம், எங்கே அடைபடுகிறது என்று ஒரு மாதிரிப் பக்கம் செய்து காட்ட முடியுமா, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று. வாயாடியிடம் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் அசரியா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைக்கு அவர்தான் செக்ரட்டரி. எங்கள் சபை பழைய மிஷன் காலத்துச் சபை. குறை ஏதாவது வந்தால் அர்ஜி எழுதிக் கலெக்டர் ஆபீசுக்குப் போவது எங்களுக்குப் பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவதுபோலப் பழகிப்போனது. அர்ஜி எழுதுவதில் இவரை அடிக்க ஆள் கிடையாது.

ஒரு முறை கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்தது. ஆளாளுக்குத் தனித்தனி அர்ஜி கொடுத்தார்கள். ஒருத்தர் சுவர் வேண்டும் என்றார், ஒருத்தி பன்றி வருகிறது என்றாள், இன்னொருத்தர் விளக்கு கேட்டார். உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்று ஆபீசர் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை இவர் ஒரே வாசகத்தை எழுதி, சபை முழுக்க ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட வைத்து, எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். சுவர் வந்தது. குடிதண்ணீர்க் குழாயும் அப்படித்தான் வந்தது. அதற்கப்புறம் எங்கள் ஆட்களிடம் வேறு வழி பேசினால் ஏறாது.

குழுவிலிருந்து பதில் வந்ததை இவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே யோசனையும் வந்துவிட்டது.

“நீ ஒருத்தி மட்டும் எழுதினா இன்னா வெயிட்டு இருக்கும்? நம்ம சபையே எழுதணும்.”

“வேணாங்க. அங்க ஆளு எண்ண மாட்டாங்களாம். யோகேஷ் சொன்னான்.”

“யோகேஷுக்கு இன்னா தெரியும்? நான் எத்தினி கலெக்டரப் பாத்துக்கிறேன். எண்ண மாட்டோம்னுதான் எல்லாரும் சொல்லுவான். எண்ணாத ஆபீசரு உலகத்துலயே கெடையாது.”

“நீங்க சும்மா இருந்தாப் போதும்,” என்றேன். அவர் சிரித்தார். இவர் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தச் சமயம் என் மனசு முழுக்க மாதிரிப் பக்கத்தில்தான் இருந்தது.

அதைச் செய்வதற்காகச் சனிக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறினேன். மேனேஜர் கமலக்கண்ணன் லாட்ஜிலேயே ஓர் அறை கொடுத்தார். சனி முழுக்க நானும் யோகேஷும் உட்கார்ந்தோம். ஞாயிறு காலையில் பக்கம் தயாராகிவிட்டது. முத்திரை கேட்டதும் வாயாடி எப்படி வாய் அடைக்கிறது என்று யார் திறந்து பார்த்தாலும் தெரியும். யோகேஷ் டீ வாங்கி வந்தான். “குடிச்சிட்டு அனுப்பிடலாங்க்கா,” என்றான்.

டீ பாதி குடிக்கும்போது அவன் கம்ப்யூட்டர் டிங் என்றது.

“அக்கா! உங்க கருத்துக்குக் கீழ யாரோ ஆதரவா எழுதிக்கிறாங்க!”

“படி, படி.”

அவன் இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தான். ‘நம்முடைய கர்த்தரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் இணையற்ற நாமத்தில் வாழ்த்துகள். சமூகத்துக்கு மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்...’

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அது யாருடைய இங்கிலீஷ் என்று நான் சொல்லிவிடுவேன்.

‘எங்கள் சபையைச் சேர்ந்த ஹன்னா அம்மாள் பார்வையற்ற ஏழைச் சகோதரி. ஐயா அவர்கள் பெரிய மனது பண்ணி அவர்மேல் கருணை கூர்ந்து புதிய விதியை நிறுத்தி வைக்கும்படி மன்றாடுகிறோம். இப்படிக்கு, கிருபாவதி, பெண்கள் ஐக்கிய சங்கம், சித்தூர்.’

கிருபாவதி அம்மாள் போனில் பச்சைப் பொத்தானை அமுக்கவே பேரனைக் கூப்பிடுகிறவள். டிங். அடுத்தது ஜெபசிங். அதே வாழ்த்து, அதே ஏழைச் சகோதரி, அதே கருணை. டிங். டிங். டிங். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆராதனை முடிந்து சபை ஹாலில் உட்கார்ந்து, அங்கே இருக்கிற ஒரே வைஃபையில், ஒவ்வொருவர் போனிலும் புதுக் கணக்கு திறந்து போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறவில்லை. மாறக் கூடாது என்று இவர் சொல்லியிருப்பார்.

இவருக்குப் போன் போட்டேன். ஹாலில் ஒரே இரைச்சல். யாரோ பன் பாக்கெட் பிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

“ஹன்னா! பாத்தியா? இன்னும் பாதிப் பேரு பாக்கி! சித்தூர் முழுக்க உனக்காக நிக்குது!”

“நிறுத்துங்க! உங்க கால்ல வுழறேன், நிறுத்தச் சொல்லுங்க!”

“இன்னா? கேக்கல. சத்தமா கீது. சாயந்தரம் பேசறேன்.” வைத்துவிட்டார்.

யோகேஷ் அவசர அவசரமாக எங்கள் மாதிரிப் பக்கத்தை அனுப்பப் பார்த்தான். போகவில்லை. இன்னொரு முறை அமுக்கினான். பிறகு கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

“இன்னாடா?”

“பூட்டிட்டாங்கக்கா. ‘ஒரே இடத்திலிருந்து திட்டமிட்டுக் குவிக்கப்பட்ட கருத்துகள்’னு போட்டுக்கிறாங்க. இனிமே குழுவுல கீறவங்க மட்டும்தான் எழுத முடியும்.”

“நான் மொதல்ல எழுதினது?”

அவன் மவுஸை உருட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. “அதையும் சேத்து மறைச்சிட்டாங்க. உங்க கணக்குலயும் சித்தூர்னு கீதுல்ல.”

மேலே எழுதிக் கேட்டோம். நான் தனி ஆள், என் கருத்து வேறு, உங்கள் அம்மாளே பதில் போட்டிருக்கிறாள் என்றோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். எல்லாருக்கும் ஒரே விதிமுறையைத்தான் கடைப்பிடிக்கிறோம், புரிந்துகொண்டதற்கு நன்றி என்று. நான் எங்கே புரிந்துகொண்டேன்?

யோகேஷுக்கு வந்த கோபத்தில் அந்தப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழே படித்தான். வரைவு எழுதின கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வரிசையாக வந்து, ‘எனக்குச் சரி’, ‘எனக்குச் சரி’ என்று எழுதியிருந்தார்களாம். “இவங்களும்தானே ஒரே மாரி எழுதிக்கிறாங்க? இது மட்டும் ஆதரவாம்! நம்மளுது குப்பையாம்!” என்று மேசையைக் குத்தினான். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த ஆட்களுக்கு உள்ளே வரக் கதவு இருக்கிறது. எங்கள் ஜனங்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள், நிற்கத்தான் அவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் நடந்தது. என் விஷயத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் அதற்குள் வேறு வேலைக்கு மாறிவிட்டாளாம். மாதம் திரும்புவதற்குள் முடிவு வந்தது. யோகேஷ் போனில் படித்துக் காட்டினான்: ‘பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட காலத்தில் தீர்க்கப்படாத ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பங்கேற்ற அனைவருக்கும் நன்றி.’

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். என்னை ஏழை என்று எழுத உங்களுக்கு எவன் அதிகாரம் கொடுத்தான் என்று கத்தினேன். நான் கருணையா கேட்டேன்? நான் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாமல் இருந்தது, அந்தக் கேள்வியையே கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்துவிட்டீர்களே என்றேன். நான் ஓய்ந்த பிறகுதான் அவர் குரல் வந்தது. அழுகிற குரல்.

“அப்ப நான் இன்னாதான் பண்ணிக்கணும் ஹன்னா? உன் பொழப்புல மண்ணு வுழுவுது. நானு ஒரு மூலையில குந்திக்கினு வேடிக்கை பாக்கணுமா?”

இவர்மேல் வந்த கோபத்தில் பாதிகூட அந்தக் குழுவின்மேல் வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். முகம் தெரியாதவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? இவர் பக்கத்தில் இருக்கிறார், கையெட்டும் தூரத்தில்.

சபையில் மட்டும் யாருக்கும் எதுவும் புரியவில்லை. கணக்கு திறந்த எல்லாருக்கும் ‘உங்கள் பங்கேற்புக்கு நன்றி’ என்று மெயில் வந்திருந்ததாம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். கிருபாவதி அம்மாள் ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “கர்த்தர் நம்ம சத்தத்தக் கேட்டாரும்மா,” என்றாள். நான் “ஆமாம்மா” என்றேன். வேறென்ன சொல்ல?

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். வாயாடி வழக்கம்போல நேரம் சொன்னது, தேதி சொன்னது. கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்ததும் வாய் அடைத்துவிட்டது. எத்தனை முறை தட்டினாலும் ‘காலிப் பக்கம்’ என்றது. அந்தப் பக்கம் காலி இல்லை, கோடை விடுமுறைக் கூட்டம் ஆரம்பித்த நாள். ஜனங்கள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

யோகேஷ் எங்கள் வெப்சைட் முத்திரை கேட்பதை எடுத்துவிடப் பார்த்தான். ஆன்லைனில் அறை வாடகையை வாங்கித் தருகிற கம்பெனி, முத்திரை கேட்காத வெப்சைட்டைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டதாம். பெரிய கம்பெனியின் குரலைப் போட்டுப் பார்த்தோம். அது பாதி வரியை முழுங்கியது. கமலக்கண்ணன் நல்ல மனுஷர். என்னைப் போகச் சொல்லவில்லை.

“ஹன்னாம்மா, மீரு ஒண்ணும் கவலப்படாதீங்க. வேல எங்கயும் போவாது. அசரியா சாரு வூட்லதானே கீறாரு? அவரு படிக்கட்டும், நீங்க பதில் சொல்லுங்க, அவரு டைப் அடிக்கட்டும். உங்க பேரே இருக்கட்டும்.”

அப்படித்தான் நடக்கிறது. ஆரம்பத்தில் இவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் சொன்னதை ஒன்றுவிடாமல் அடித்தார். எனக்கு வாயாடியைவிடச் சுகமாகக்கூட இருந்தது. கூட்டம் ஏறினதும் படிப்பது குறைந்தது. “இது நேத்து வந்த மாரிதான்,” என்பார். “இதுக்கு நானே போட்டுட்டேன்,” என்பார். மிஷன் பள்ளியில் ஆயுசு முழுக்க டைப் அடித்த கை, வேகத்துக்குக் கேட்க வேண்டுமா? கமலக்கண்ணனுக்குத் திருப்தி. பதில் சீக்கிரமாகப் போகிறதாம்.

போன வாரம் மத்தியானம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு சத்தம் ரொம்ப நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

“யாருங்க? இன்னா கேக்குறாங்க?”

“ஒண்ணுமில்ல. சூளூர்பேட்டை ஆளு. பொண்ணக் கூட்டிக்கினு வராராம். கண்ணு தெரியாத பொண்ணாம், இருவது வயசாம். எந்த ரூமு சௌரியம்னு கேக்குறாரு.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கென்றே வந்த கேள்வி அது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லாட்ஜில் கீழ்த்தளத்துக் கடைசி அறை. லிஃப்ட் சத்தத்தை வைத்துத் திசை பிடிக்கலாம். குளியலறைக்குப் படி கிடையாது. வரும் அன்றைக்கு ஒரு முறை சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அவளைத் தனியாக விட்டுவிடுங்கள், யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று எழுத வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில் வாய்க்கு வந்தது.

“எழுதுங்க, நான் சொல்றேன்...”

“அனுப்பிட்டேம்மா.”

“இன்னான்னு?”

“பயப்படாதீங்க, எங்க ஆளுங்க கார்லேருந்து ரூமு வரைக்கும் பத்திரமா தூக்கிக்கினு போயி வுட்டுருவாங்க, பொண்ணு ஒரு அடிகூட நடக்கத் தேவையில்லன்னு எழுதினேன். ஏன், சரிதானே?”

“என் பேர்லயா எழுதினீங்க?”

“உன் பேர்லதான். வேற யாரு பேர்ல எழுதறது?”

டிங் என்று பதில் வந்த சத்தம் கேட்டது. சூளூர்பேட்டைக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். இவர் சந்தோஷமாகப் படித்தார்.

“‘ரொம்ப நன்றி ஹன்னா மேடம், கண்ணு தெரியாதவங்க கஷ்டம் உங்களுக்கு நல்லாப் புரியுது’ன்னு எழுதிக்கிறாரு.”